ஜெயவேலின் காது

இராயபுரம்
17-1-1954

அன்புள்ள நைனாவுக்கு, மலர்க்கொடி வணக்கத்துடன் எழுதுவது.

பொங்கலுக்கு நீங்கள் அனுப்பிய சீட்டித் துணியில் அம்மா பாவாடை தைத்தாள். இரண்டு விரல் குட்டை. நீங்கள் கப்பலேறிய நாளில் இருந்த உயரத்தை நினைத்து வாங்கியிருப்பீர்கள்.

தம்பி ஜெயவேலைப் பற்றித்தான் எழுத வேண்டும். போகும்போது ஏழு மாதப் பிள்ளையாகக் கையூன்றி உட்கார்ந்திருந்தானே, இப்போது உட்காரவைத்தால் சாய்ந்துவிடுகிறான். கிலுகிலுப்பையைப் பிடிப்பதில்லை. காது மட்டும் கூர்மை. மில் சங்கு ஊதினால் இரண்டு கையையும் விரித்துத் துள்ளுகிறான். தட்டு விழுந்தாலும் அப்படியே. “மீன் பொரள்றதுகூட என் புள்ளைக்குக் கேக்கும்” என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

எங்கள் உடலியல் புத்தகத்தில், மூளையில் தண்ணீர் போக மிச்சத்தில் பாதிக்கு மேல் கொழுப்பு என்று போட்டிருக்கிறது. அதனால் காசிமேட்டில் சுறா ஈரல் எண்ணெய் வாங்கித் தினம் ஒரு கரண்டி கொடுக்கிறேன். துப்பினாலும் விடுவதில்லை.

உங்கள் மகள்
மலர்க்கொடி


பினாங்கு
11-2-1954

கண்ணு மலருக்கு நைனா எழுதிக்கொள்வது.

நான் சுகம். மூணாம் கிளாஸ் எழுத்து, சிரிக்காமல் படி. எண்ணெய் நல்ல யோசனை. ரெண்டு கரண்டியாகக் கொடு. குப்பத்தில் சோணிப் பிள்ளைகள் எல்லாம் அதில்தான் தேறின. சங்குக்குத் துள்ளுகிறவன் நாளைக்குத் துறைமுகத்தில் பெரிய மேஸ்திரி ஆவான்.

இன்னொரு சேதி. நான் ஊர் வந்ததும் உனக்கும் உன் தாய்மாமன் பாஸ்கருக்கும் பரிசம் போடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதுவரை படி.

நைனா
ராசையா


இராயபுரம்
20-4-1954

அன்புள்ள நைனாவுக்கு,

தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் சின்ன விளக்கை வைத்து அவன் கண்ணுக்குள் பார்த்தார். உள்ளே குன்றிமணி போலச் சிவப்புப் புள்ளி இருக்கிறதாம். படிக்கும் டாக்டர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். இத்தனை பேர் வந்து பார்க்கிறார்களே என்று அம்மாவுக்குப் பெருமை.

அவர்கள் இங்கிலீஷில் பேசியது எனக்குப் பாதி புரிந்தது. மீதியை, அம்மா சீட்டு வாங்கப் போனபோது நானே கேட்டேன். ஒரு வகைக் கொழுப்பு கரையாமல் தம்பியின் மூளையில் தேங்கிக்கொண்டே போகிறதாம். ஏன் என்று யாருக்கும் இன்னும் தெரியாதாம். அவன் துள்ளுவதும் அந்த நோய்தான். பார்வை குறைந்துவிட்டது. மருந்து கிடையாது. எவ்வளவு நாள் இருப்பான் என்று நான் கேட்டபோது டாக்டர் தம்பியின் பாதத்தைத் துணியால் மூடிவிட்டார்.

ரெண்டு கரண்டி எண்ணெய் கொடுத்ததைச் சொன்னேன். “அதனால வரலம்மா. பொறக்கும்போதே வந்தது” என்றார். ஆனாலும் அந்தப் புட்டியைப் பார்க்க முடியவில்லை. பரணில் ஏற்றிவிட்டேன்.

பிறகு அம்மாவிடம், “வீட்டுக்காரர் உறவா?” என்று கேட்டார். “அசலு இல்ல சார். சொந்தத் தாய்மாமன். என்ன இடுப்புல வச்சி வளத்தவரு” என்றாள் அம்மா. அவர் அதை எழுதிக்கொண்டு, என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வெளியே தெரியாத ஒரு குறை தாய், தகப்பன் இருவரிடமும் இருந்தால்தான் இப்படிப் பிறக்குமாம். ஒரே குடும்பத்துக்குள் கட்டினால் அப்படி நேர்வது அதிகமாம். யாருடைய குற்றமும் இல்லை என்றார்.

அம்மாவிடம் நரம்புத் தளர்ச்சி என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

நைனா, பாஸ்கர் மாமாவும் இதே குடும்பம். நானும் இதே குடும்பம்.

மலர்க்கொடி


பினாங்கு
30-8-1954

கண்ணு மலருக்கு,

உன் கடிதாசி வந்து நாலு மாசம். எழுதி எழுதிக் கிழித்தேன்.

பரிசம் இல்லை என்று பாஸ்கருக்குத் தனியாக எழுதிவிட்டேன். காரணம் கேட்டால் நைனாவுக்குப் புத்தி கெட்டுப்போச்சு என்று சொல். நீ பள்ளிக்கூடத்தை விடாதே. அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே. கைப்பிள்ளையிலிருந்து அவளைத் தூக்கினவன் நான். நான்தான் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை.

ஐப்பசியில் வரும் கப்பலில் இடம் கிடைத்தது. துறைமுகத்தில் நுழையும்போது கப்பல் ஊதும். அப்போது தம்பி காதைப் பொத்திக்கொள். நான் வருகிற சத்தத்தில் என் பிள்ளை பயப்படக் கூடாது.

நைனா


இராயபுரம்
3-10-1954

அன்புள்ள நைனாவுக்கு,

இது வந்து சேர்வதற்குள் நீங்கள் கப்பலேறியிருக்கலாம். இருந்தும் எழுதுகிறேன்.

பாஸ்கர் மாமா வந்து வாசலிலேயே நின்றார். “இன்னாமே, வலை இழுக்கிற கை வாணாமா? பேனா புடிக்கிற தொர கேக்குதா?” என்றார். நைனாவுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்றேன். “அது எனக்கே தெரியும்” என்று தம்பியின் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து, மில் சங்கு ஊதும் நேரத்துக்கெல்லாம் தம்பியின் காதைப் பொத்திப் பழகுகிறேன். வியாழக்கிழமை குழாயடியில் நேரமாகிவிட்டது. சங்கு ஊத, ஈரக் கையோடு ஓடினேன். அவன் கை அசையவே இல்லை. பித்தளைத் தட்டை அவன் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். திரும்ப எடுத்து இன்னும் பலமாகப் போட்டேன்.

அம்மா ஓடிவந்து பார்த்துவிட்டு, “பாரு, பயம் தெளிஞ்சிட்ச்சி. உன் நைனா வர்றதுக்குள்ள எழுந்து குந்திக்குவான்” என்று உப்பும் மிளகாயும் எடுத்துத் திருஷ்டி சுற்றினாள். நான் தட்டைக் கழுவி வைத்தேன்.

நீங்கள் வரும்போது கப்பல் எவ்வளவு ஊதினாலும் அவன் பயப்பட மாட்டான் நைனா. நீங்கள் சொன்னபடி நான் அவன் காதைப் பொத்திக்கொண்டுதான் இருப்பேன். அம்மா பார்த்துக்கொண்டிருப்பாளே.

உங்கள் மகள்
மலர்க்கொடி