குல்சாத் அக்காவின் தட்டு

ஹெரிஃபோர்டு, ஜூன் 3

அன்புள்ள நுர்தின்,

மேய்ச்சல் மலையில் போன் எடுக்காது. கீழே இறங்கும்போது படித்துக்கொள்ளுங்கள். நான் நலம், முதுகுக்குத்தான் என்மேல் கோபம். ஸ்ட்ராபெரி பறிப்பில் நான் கெட்டி. நம் ஊர் குல்சாத் அக்காவுக்குத்தான் கை ஓடவில்லை. அளவு குறைந்தால் மறுநாள் வேலை இல்லை, கூலி இல்லை, நாங்கள் தங்கும் கேரவன் வண்டிக்கு வாடகை மட்டும் உண்டு. மூன்று முறை குறைந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் இங்கேயும் அஷார் போடுகிறோம். ஒருவர் வீட்டுச் சுவருக்கு ஊரே மண் குழைக்குமே, அப்படி ஆளுக்கு இரண்டு கை பழம் அக்காவின் தட்டில்.

"எனக்கு வெக்கமா இருக்குடி பெர்மெத்" என்று அழுதார்.

"அழுதா பழம் நனையும், பேசாம பறிங்க" என்றேன்.

இந்தக் கூலியில் நம் புது வீட்டுக்குப் பனிக்கு முன் கூரை போட்டுவிடலாம்.

உங்கள் பெர்மெத்

மலையிலிருந்து இறங்கிய நாள், ஜூன் 21

என் பெர்மெத்துக்கு,

குல்சாத் அக்காவின் தம்பி எசென் தினமும் கேலி செய்கிறான். "பொண்டாட்டி சீமையில, நீ இங்க குதிரைப்பால் கறக்குற. வளையல் வாங்கித் தரட்டுமா?" என்கிறான். அது போகட்டும். உன் தலையணை சும்மா கிடக்கிறது, அதுதான் பொறுக்கவில்லை. சுவர் எழும்பிவிட்டது. கூரை உன் கையில்தான். வேலையை விட்டுவிடாதே.

நுர்தின்

ஹெரிஃபோர்டு, ஜூலை 14

நுர்தின்,

நாங்கள் போட்ட அஷார் எங்கள் தலையிலேயே விழுந்தது. எல்லோர் தட்டும் சமமாக இருப்பதைப் பார்த்த மேலாளர், "எல்லாராலயும் முடியுதே!" என்று அளவை உயர்த்திவிட்டார். இப்போது யாரிடமும் கொடுக்க மிச்சம் இல்லை. கொடுத்துக் கொடுத்து நானும் இரண்டு முறை குறைந்தேன், அக்காவும் இரண்டு முறை. நேற்றும் அவர் தட்டு நிறையவில்லை. புருஷன் இல்லாதவர், மூன்று பிள்ளைகள். என் தட்டுகளில் அவர் பெயரை ஒட்டிவிட்டேன். எனக்கு அது மூன்றாவது முறை, ஊருக்கு அனுப்புகிறார்கள்.

வியாழக்கிழமை விமானம். நம் கூரையை அக்காவின் தட்டில் போட்டுவிட்டேன். திட்டுவதானால் நேரில் திட்டுங்கள்.

பெர்மெத்

ஊரில், ஜூலை 16

பெர்மெத்,

படித்ததும் கோபம் வந்தது. ஆடுகளைத் திட்டித் தீர்த்தேன். எசெனிடமும் சொன்னேன். அவன் உடனே தன் கூடாரத்தைப் பிரிக்கப் போனான். காலையில் கூடாரத்தின் மேல் போர்த்தும் தடித்த கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான், பின்னால் அஷாருக்கு ஊரே வந்தது. தகரம் வாங்க வழியில்லை. வரும் குளிர்காலத்துக்குக் கம்பளிதான் கூரை. ஒரு மூலையில் ஒழுகும்.

அங்கே என் தலையணையைப் போட்டுக்கொண்டேன். ஒழுகாத பக்கம் உனக்கு. வா.

நுர்தின்