வடிகாலுக்குக் கேட்ட கல்

ஐப்பசி 3, காலை 6.10
மேல்தளப் பொறுப்பாளர் சவரிமுத்து எழுதுவது. யார் கையில் கிடைத்தாலும் படித்துக்கொள்ளுங்கள். வெயில் மேலே ஆளை வாழவிடாமல் துரத்திய பின், நாங்கள் நானூறு பேர் பழைய நிலக்கரிச் சுரங்கத்துக்குள் குடியிருக்கிறோம். புது அறை தோண்டத் தோண்டக் கழிவு மேலே வருகிறது. அதைக் கொட்டக் குவியலைக் கிழக்கே நீட்ட வேண்டும். திட்டம் தயார். முதலில் அடியில் பெருங்கல் பரப்பு, மழைநீர் வடிய. அதன்மேல்தான் கழிவு. வெப்பம் தடுக்கும் உடை முழங்கையில் கிழிந்திருக்கிறது. மற்றபடி குறையில்லை.

ஐப்பசி 5, மாலை 4.30
கீழிருந்து கழிவு ஏற்றிவரும் இழுவை வாளியில் மறுபடியும் களிமண்தான். நல்ல கல்லையெல்லாம் கீழே வீட்டுச் சுவருக்கு வைத்துக்கொண்டு, சக்கையை என் தலையில் கட்டுகிறார்கள். தொலைபேசியில் சண்டை போட்டேன். எடுத்தது என் மனைவி அமலி.
"நம்ம பக்கத்து அறை பூங்கோதைக்குப் புள்ள பொறந்திருக்குங்க. செவுரு இல்லாம, துணியத் தொங்கவிட்டுக்கிட்டு எத்தன நாளைக்கு இருப்பா?"
கல் பரப்பில்லாமலே கழிவைக் கொட்டுகிறேன்.

ஐப்பசி 9, பகல் 1.00
மழை விடவில்லை. மழையும் சுடுகிறது. குவியலுக்குள் புகுந்த நீர் வெளியேற வழியில்லை. கிழக்குச் சரிவு உப்பி, சுரங்க வாயை நோக்கி நகர்கிறது. இருப்பது அந்த ஒரு வாய்தான். அடைபட்டால் கீழே காற்றில்லை. மேலே வரச் சொல்லவும் முடியாது. உடை என்னுடையது ஒன்றுதான். அடிவாரத்தில் வாய்க்கால் வெட்டிக் கல் நிரப்பினால் பிழைக்கலாம். கல் கேட்டேன். கெஞ்சினேன் என்றே எழுதுகிறேன்.

ஐப்பசி 10, காலை 7.45
வாளி நிறையக் கல்! சுண்ணாம்பு அடித்த கல். ஒன்றில் காலண்டர் மாட்டும் ஆணி. தொலைபேசியில் அமலி சொன்னாள்:
"அவங்கவங்க வீட்ட அவங்கவங்களே இடிக்கிறாங்க. பூங்கோதைதான் மொதல்ல கடப்பாரைய எடுத்தா."
"மேல்கூரையத் தாங்குற செவுத்துல மட்டும் கை வெச்சிராதீங்க, அமலி."
"சரிங்க."

ஐப்பசி 10, மாலை 5.20
கல் தள்ளித் தள்ளிக் கை வெந்துவிட்டது. வாய்க்கால் இன்னும் நிரம்பவில்லை. சரிவு விடாமல் வருகிறது.
"ஏங்க, இன்னும் எவ்வளவு வேணும்?"
"மூணு வாளி."
அவள் அங்கே யாரிடமோ கேட்பது காதில் விழுந்தது.
"அனுப்புறோம்."
எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. பயந்துபோய்த்தான் கேட்கவில்லை.

ஐப்பசி 11, காலை
இரண்டு வாளி வந்தது. மூன்றாவதும் வந்தது. நிரப்பி முடிக்கும்போது தரை ஒருமுறை குலுங்கியது. சுரங்க வாயிலிருந்து புழுதி. இத்தனை மழையிலும் அடங்காத புழுதி.

தொலைபேசி மணி கீழே அடிக்கிறது. எடுக்கத்தான் ஆளில்லை.

மணி தெரியவில்லை
சரிவு நின்றுவிட்டது. அளந்து பார்த்தேன், அசையவே இல்லை. வாய்க்காலில் நீர் கலங்கலில்லாமல் ஓடுகிறது. சுரங்க வாய் திறந்தே இருக்கிறது. காற்று தாராளமாக உள்ளே போகிறது.

வாளியை இறக்கினேன். பாதியிலேயே இடிந்த கல்லில் தட்டி நிற்கிறது.

அமலி, கல் போதும். யாராவது அவளிடம் சொல்லுங்கள், கல் போது