ஒற்றைத் தேதி மழை

3 அக்டோபர் 1976

ஒற்றைத் தேதி, எங்கள் முறை. மோட்டார் அரை மணி நேரம்தான் ஓடியது. அப்புறம் வெறும் காற்று. தென்னம்பிள்ளைகள் அறுபதும் வாடிக் கிடக்கின்றன. இந்த மழையில் கிணறு ஊறாவிட்டால் தை மாதம்கூடத் தாங்காது.

காடு தோட்டத்தைப் பாகம் பிரித்தபோது கிணறு மட்டும் பொதுவானது. ஒற்றைத் தேதி எங்களுக்கு, இரட்டைத் தேதி என் வீட்டுக்காரருடைய அண்ணன், மச்சாண்டாருக்கு. முப்பத்தொன்றும் ஒன்றும் அடுத்தடுத்து ஒற்றை என்று அதற்கொரு சண்டை. கடைசியில் ஒரு புளியமரத்துக்காகப் பேச்சே நின்று இரண்டு வருஷம். மரம் பட்டுப்போய் ஒரு வருஷம்.

6 அக்டோபர்

விவசாய ஆபீசர் வந்தார். மேலே மச்சாண்டார் காட்டுப் பாறையில் பெய்யும் மழையெல்லாம் வீணாக ஓடைக்குப் போகிறதாம். வாய்க்கால் வெட்டி, குழியில் கல்லும் மணலும் போட்டு வடித்து, கிணற்றில் விடச் சொன்னார். அண்ணனும் தம்பியும் தனித்தனியாகத் தலையாட்டினார்கள். மச்சாண்டார் மனைவி பெரியம்மாள் அக்காவும் நானும்தான் இவர்களுக்குத் தபால்.

10 அக்டோபர்

வாய்க்கால் முடிந்தது. மேல் பாதி அவர், கீழ்ப் பாதி இவர். நடுவில் ஒரு முழம் கோணல். இரண்டு பேருமே நேராகத்தான் வெட்டினார்களாம்.

14 அக்டோபர்

மதியம் கொட்டித் தீர்த்தது. கிணற்றுக்கு ஒரு சொட்டு வரவில்லை. போய்ப் பார்த்தால் கிணற்றோரம் வாய்க்காலை மண் போட்டு அடைத்திருக்கிறது. இவர் வேலை!

"இன்னைக்கு ரெட்டத் தேதி. அவிய முறைக்கு நா எதுக்குத் தண்ணி சேர்க்கோணும்?"

"ஏனுங்க, இன்னைக்கு வந்த தண்ணி நாளைக்கு நம்ம முறைக்கு இருக்காதுங்களா?"

யோசித்தார். யோசித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

17 அக்டோபர்

மறுபடி நல்ல மழை, நல்ல ஒற்றைத் தேதி. இவர் குடை பிடித்துக்கொண்டு கிணற்றடியில் மாப்பிள்ளை மாதிரி நின்றார். தண்ணீர் வரவில்லை. மேலே அடைப்பு.

அக்கா வேலியோரம் வந்தார். "எங்கூட்டுக்காரரு வேலதான் செல்லா. இன்னைக்கு ஒத்தத் தேதியாமா."

சிரித்தோம். வீட்டுக்கு வந்ததும் எனக்கு அழுகை. ரெண்டு மழை போச்சே! குடம் குடமாச் சுமந்து ஊத்துனது நானு. தென்னங்கன்னு செத்தாலும் பரவாயில்ல, அண்ணன் தோக்கோணும் — அப்படித்தானா?

22 அக்டோபர்

வானம் கறுத்ததும் அக்கா மேலே, நான் கீழே, ஆளுக்கொரு மண்வெட்டி. அடைப்பை வெட்டி எறிந்தோம். திட்டுவதற்காக இரண்டு ஆண்களும் ஓடி வந்தார்கள். அதற்குள் பாறைத் தண்ணீர் திரண்டு வந்து, கோணலில் முட்டி, கரையை உடைத்துக்கொண்டு ஓடைப் பக்கம் திரும்பிவிட்டது. இருவரும் மண் தள்ளினார்கள். நிற்கவில்லை. மச்சாண்டார் சட்டென்று உடைப்பின் குறுக்கே உட்கார்ந்துவிட்டார்.

"டேய் காளி! எம்பட முதுகுக்குப் பின்னால மண்ணப் போட்றா!"

இரண்டு வருஷத்தில் முதல் பேச்சு. இவர் போட்டார். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே போட்டார் என்கிறார் அக்கா. எனக்கு அது தெரியாது. கிணற்றுக்குள் தண்ணீர் விழும் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நெஞ்சு நிறைந்துவிட்டது.

23 அக்டோபர்

கிணற்றில் ஏழு படி மூழ்கியிருக்கிறது. மச்சாண்டாருக்கு இடுப்புப் பிடிப்பு. தைலம் இவர் கொண்டுபோய்க் கொடுத்தார்.

5 டிசம்பர்

அறுபதில் நான்கு பிள்ளை போயிற்று. மற்றதெல்லாம் குருத்து விட்டிருக்கிறது.

காலையிலிருந்து எங்கள் வாசலில் பெரிய சண்டை. அடுத்த மழைக்குள் இன்னொரு குழி வெட்ட வேண்டும், யார் காட்டில் என்று.

"எங்காட்டுல வெட்டுனா உனக்கு என்னடா?"

"ஏனுங்ணா, எங்காட்டு மண்ணு ஆகாதுங்களா?"

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக் கருப்பாத்தாள் பதறி வந்தாள். "மறுக்காவும் பேச்சு நின்னு போச்சா?"

"எங்கீங்க நிக்குது!" என்றேன்.

கத்திக் கத்தித் தொண்டை வறண்டு, இருவரும் குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். ஒரே சொம்புதான் கொடுத்தேன்.