தலைவலிப் பெட்டி

நைவாஷா,
பிப்ரவரி 20

அன்புள்ள ஜெரோடிச் அக்காவுக்கு,

கெமுண்டோ எழுதுகிறேன். லண்டன் குளிரில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது.

நீங்கள் விட்டுப் போன மலர்ப் பண்ணை மருத்துவ அறைக்கு இப்போது பெரிய பேர். முன்பெல்லாம் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும், இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இப்போது பத்தே நிமிடம். தலைமை அலுவலகம் கேடயம் அனுப்பியது. மேலாளர், "சிஸ்டர், நீங்க இல்லேன்னா இது நடக்குமா!" என்றார். நானும் பல்லை இளித்துக்கொண்டு நின்றேன்.

யோசனை என்னுடையதுதான் அக்கா. வருகிறவர்களில் பாதிப் பேர் தலைவலிக்காரர்கள். ஒவ்வொரு பசுமைக்குடிலிலும் ஒரு மாத்திரைப் பெட்டி வைத்து, மேற்பார்வையாளரிடம் சாவியைக் கொடுத்துவிட்டேன். ஒரே வாரத்தில் வரிசை காணாமல் போனது.

உங்கள் காலத்தில் தலைவலி என்று வந்தால் எந்தக் குடில் என்று கேட்டு நோட்டில் எழுதுவீர்கள். ஒரே குடிலிலிருந்து மூன்று பேர் வந்துவிட்டால் பூச்சிமருந்து அடிப்பதை நிறுத்தச் சொல்லி, மருந்து உடம்பில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க எல்லாருக்கும் ரத்தம் எடுப்பீர்கள். எனக்கு அது வெட்டி வேலையாகத் தெரிந்தது.

ஏழாம் குடிலில் ரோஜா வெட்டும் நியபோகேயை உங்களுக்குத் தெரியும், கீசி ஊர்க்காரி, சத்தமாகச் சிரிப்பாள். காதலர் தின அவசரத்தில், அடித்த மருந்து காயும் முன்பே அவர்களை உள்ளே அனுப்பியிருக்கிறார்கள். எட்டு நாள் பெட்டி மாத்திரையை விழுங்கியிருக்கிறாள். "கண்ணு மங்கலா தெரியுது சார், சிஸ்டர பாத்துட்டு வரேன்" என்று கேட்டாளாம். "அதான் மாத்திரை தந்தாச்சுல்ல, போய் வெட்டு" என்று விரட்டினானாம் மேற்பார்வையாளன். ஒன்பதாம் நாள் வாயில் நுரை தள்ளி விழுந்தாள். பெரியாஸ்பத்திரியில் இருக்கிறாள். உயிர் இருக்கிறது, நினைவு திரும்பவில்லை. அவள் தங்கை என்னிடம் வந்து, "ஒரு தடவகூட நீங்க பாக்கலையா சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டாள்.

நேற்று மேலாளர் விசாரணைக்குக் கொடுக்கவென்று ஒரு தாளை நீட்டினார். 'இந்தத் தொழிலாளி மருத்துவ அறைக்கு வரவேயில்லை' என்று இருந்தது. ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

நியபோகே விஷயமாகத் தொழிற்சங்க வக்கீல் உங்களைக் கூப்பிடுவார். நீங்கள் இளகிய மனசுக்காரர், 'கெமுண்டோ நல்ல பெண், தெரியாமல் செய்துவிட்டாள்' என்று சொல்லிவிடுவீர்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அப்படிச் சொல்லாதீர்கள். பொறுப்பை ஒப்படைத்த அன்று, தலைவலியை மட்டும் அலட்சியம் செய்யாதே என்று எனக்குப் படித்துப் படித்துச் சொன்னீர்களே, அதைச் சொல்லுங்கள். நான் இன்னும் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

உங்கள்,
கெமுண்டோ