முன் இடது சக்கரம்

இன்று காலை மெக்கானிக் என் உள்ளங்கையில் விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புச் சாமானை வைத்தார். முன் இடது சக்கரம் சுற்றும் வேகத்தை அளந்து சொல்லும் சென்சார். அதன் முனையில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். நீங்கள் ஏற்றி வந்த சங்குச் சாக்கின் வாடை இல்லை.

"வண்டியை உப்புத் தண்ணியிலயா சார் கழுவுதிய?" என்றார்.

போர்வெல் தண்ணீரில்தான். வாளியில் வெள்ளையாக உப்புப் படியும் நம் தெருத் தண்ணீர். சனிக்கிழமைதோறும் முன் இடது சக்கரத்தில் தொடங்கி, குழாயை உள்ளே நீட்டி நெடுநேரம் அடிப்பேன். அதை ஒழுங்கு என்று நினைத்திருந்தேன்.

அந்த மஞ்சள் விளக்கு உங்களுக்கு மறந்திருக்காது. வளைவில் வண்டி சறுக்காமல் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு வேலை செய்யவில்லை என்று சொல்லும் விளக்கு. எஞ்சினை அணைத்துப் போட்டாலும் மறுபடி எரிந்தது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் உங்கள் மைத்துனரின் வள்ளத்தில் கடலிலிருந்து ஈரத்தோடு வந்த சங்குச் சாக்குகளை என் வண்டி டிக்கியில் ஏற்றி வந்தீர்கள். என்னிடம் கேட்டுத்தான் எடுத்தீர்கள். எனக்கு ஓட்டப் பயம். ஒரு சாவி எப்போதும் எதிர்வீட்டில் உங்களிடம்தான் இருந்தது. திருநெல்வேலி கண் ஆஸ்பத்திரிக்கு எத்தனை முறை என்னைக் கூட்டிப்போனீர்கள்!

துறைமுகக் கிரேன்களின் மின்பழுதை முப்பது வருஷம் பார்த்தவன் நான். முறைப்படி நோட்டுப் போட்டேன். பேட்டரி, ஃபியூஸ், டயர் காற்று எல்லாம் பார்த்தேன். நான்கு சக்கரத்தின் சென்சாரையும் பார்க்க வேண்டும் என்று எழுதினேன், பார்க்கவில்லை. காரணம் கிடைத்துவிட்டதாக மனம் சொன்னது. 'ஈரச் சாக்கு ஏற்றியது' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன்.

உங்கள் முகத்துக்கு நேரே சொல்லத் தைரியமில்லை. ஆனால் முன்சீட்டில் கிடந்த நோட்டை நீங்கள் வாசித்துவிட்டீர்கள்.

"எழுதியே வச்சிட்டியளா அண்ணாச்சி? அடியில தார்ப்பாய் விரிச்சேம்லா, அதையும் எழுதுங்க. கோர்ட்டுக்குப் போனா உதவும்" என்று சிரித்தீர்கள்.

நான் சிரிக்கவில்லை. சாவியை நோட்டின் மேல் வைத்துவிட்டுப் போனீர்கள். அதன்பின் நாலு மாதம், தெருவில் கண்டால் ஒரு தலையசைப்பு. பிறகு ஒரு நாள் நெஞ்சுவலி என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேர்வதற்குள் நீங்கள் இல்லை.

சாக்கு இருந்தது பின்னால். உப்பு தின்றது முன்னால். அதுவும் நான் அடித்த உப்பு.

புதுச் சென்சார் மாட்டியதும் விளக்கு அணைந்தது. சாயங்காலம் உங்கள் வீட்டுக்குப் போனேன். "வண்டியில அந்த லைட் அணைஞ்சிட்டும்மா" என்றேன். உங்கள் மனைவியின் முகம் மலர்ந்தது.

"அணைஞ்சிட்டா? மாதாவே! தன்னாலதான் அண்ணாச்சி வண்டி கெட்டுப்போச்சுன்னு இவங்க பொலம்பிக்கிட்டே கெடந்தாங்க. பழைய வண்டி பிரிக்கிற கடை ஒண்ணு விடாம ஏறி, என்ன பார்ட்டு போயிருக்கும்னு கேட்டு அலைஞ்சாங்க."

"அவரால இல்லம்மா. நான் போர் தண்ணி அடிச்சுக் கழுவுனதுதான்."

"இதை அவங்க இருக்கும்போதே பாத்திருக்கப்படாதா அண்ணாச்சி?" என்றார். காப்பி போட எழுந்து உள்ளே போனார். நான் உட்காரவும் முடியாமல், கிளம்பவும் முடியாமல் இருந்தேன்.

அந்தக் கேள்விதான் இப்போது என்னிடம் இருக்கிறது. நீங்கள் கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே கேட்டிருப்பீர்கள். உங்கள் மனைவி சிரிக்கவில்லை.