நீ பற்றவைத்தாய், நான் எழுதினேன்

இன்று காலை உன் பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். ரப்பர் பட்டியில் இன்னும் உன் தலை எண்ணெய் மணம். வலது கண்ணுக்கு நேரே அந்த நீளக் கீறல். உன் மகள் கொண்டுவந்து தந்த அட்டைப்பெட்டியை ஏழு மாதமாக அலுமாரிக்கு மேலே திறக்காமல் வைத்திருந்தேன். பயம்தான், வேறென்ன.

இந்த ஆசிரியர் பயிற்சி நிலையத்தில் நீ இல்லாமல் நான் நடத்தும் முதல் பயிலரங்கு இன்று. சனிக்கிழமை, ஒன்பது மணி, பதினொரு ஜேர்மன் ஆசிரியர்கள். புத்தகத்தில் படித்ததைக் கையால் செய்து பார்க்க வருகிறவர்கள். போன வருசத்து நிகழ்ச்சி நிரலையே மாற்றாமல் அனுப்பிவிட்டார்கள். அதில் முதல் பரிசோதனை என்னவென்று உனக்குத் தெரியும். ஐதரசன் வாயு. வுப்பர்டால் நகரில் ரயில் ஏறும்போதே திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன்.

நாங்கள் சந்தித்ததே இந்த மேசையில்தான். அன்று நாங்கள் இருவரும் கற்றுக்கொள்ள வந்தவர்கள். இருவர் இருவராகச் சேரச் சொன்னார்கள். நீ நேராக என்னிடம் வந்து, "தமிழோ நீங்கள்? எந்தப் பள்ளிக்கூடம்? நான் ஹம் நகரத்திலை படிப்பிக்கிறன்" என்றாய். அமிலத்தில் துத்தநாகத் துண்டுகளைப் போட்டோம். குடுவையின் குழாய் வழியாக வந்த வாயுவைச் சிறிய சோதனைக் குழாயில் பிடித்துச் சுடரருகே கொண்டுபோனாய். காற்றுக் கலந்திருந்தால் அது கீச்சென்று கூவி வெடிக்கும். சுத்தமானால் மெல்லிய 'பொப்' மட்டும்தான். அந்த 'பொப்' கேட்கும்வரை திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் குடுவையின் குழாயில் நெருப்பு வைக்கலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த விதி இது.

முதல் குழாய் கூவியது. நான் மேசைக்குக் கீழே குந்திவிட்டேன். முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகளின் தாய், இரசாயன ஆசிரியை! மற்றவர்கள் பேனை விழுந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நீ மட்டும் குனிந்து பார்த்தாய்.

"செல்லோ?" என்று கேட்டாய்.

"ஓம்" என்றேன்.

கூவிக்கொண்டு வரும் செல் குண்டு எங்கே விழும் என்று போர்க்காலத்தில் பங்கர் குழிக்குள் காதைப் பொத்திக்கொண்டு எண்ணிய பிள்ளைகள்தானே இருவரும். நீ ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "சரி, நான் பத்தவைக்கிறன், நீ எழுது" என்றாய். அன்றோடு மரியாதையும் போய் 'நீ' வந்துவிட்டது. பிறகு நாங்களே பயிலரங்கு நடத்தத் தொடங்கியபோதும் அதே ஏற்பாடுதான். நீ பற்றவைத்தாய், நான் அட்டவணையில் எழுதினேன். ஆறு வருசம் ஒருவருக்கும் தெரியாது. என் வகுப்பில்கூட அந்தப் பாடத்துக்குக் காணொளி போட்டுத் தப்பிக்கொண்டிருந்தேன்.

அந்த மாரிகாலச் சனிக்கிழமையையும் எழுதத்தான் வேண்டும். ஜன்னலோர மேசையில் ஒருவருடைய குழாய் ஒழுகியது. நீ அங்கே போனாய். "நீ ஒருக்காச் சோதிச்சு வை, நான் வாறன்" என்றாய். நான் குழாயை எடுத்தேன். சுடரைப் பார்த்தேன். சோதிக்காமலே திரும்பக் கீழே வைத்துவிட்டேன். வாயு இவ்வளவு நேரம் வந்திருக்கிறது, காற்றெல்லாம் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நீ திரும்பி வந்து, "செய்தனியோ?" என்று கேட்டாய்.

"ஓம், செய்தனான்."

நீ என்னை நம்பினாய். பாதுகாப்புத் தடுப்பைத் தாண்டிக் குனிந்து கையை நீட்டி நெருப்பு வைத்தாய். சின்னச் சத்தத்துக்குப் பயந்து பெரிய சத்தத்தைக் கூப்பிட்டுவிட்டேனே, பாவி! குடுவை சிதறியது. ஒரு துண்டு உன் கண்ணாடியைக் கீறி, அதற்குக் கீழே கன்னத்தைக் கிழித்தது. நான் மறுபடியும் மேசைக்குக் கீழேதான் இருந்தேன். அங்கிருந்தபடியே உன் குரல் கேட்டது. நிலையத்தின் பொறுப்பாளரிடம், நல்ல ஜேர்மனில், நிதானமாக, "சோதிக்க மறந்துவிட்டேன், என் பிழை" என்றாய். விபத்து அறிக்கையிலும் அப்படியே எழுதிக் கையெழுத்து வைத்தாய். ஒரு வருசம் உன்னைப் பயிலரங்கு நடத்த விடவில்லை. நான் வாய் திறக்கவில்லை.

திரும்பும் ரயிலில் கன்னத்தில் நாலு தையலோடு என் பக்கத்தில் இருந்தாய். நான் அழுதுகொண்டிருந்தேன். உனக்குக் கோபம் வந்தது, வரத்தானே வேண்டும். "எடி விசரி, பயமெண்டால் பயமெண்டு சொல்லு. செய்தனான் எண்டு மட்டும் சொல்லாதை" என்றாய்.

போன மாசியில் ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி மன்னிப்புக் கேட்டேன். புற்றுநோய் உன்னைப் பாதியாக்கியிருந்தது, வாய் மட்டும் அப்படியே இருந்தது. "எனக்கேன் சொல்லுறாய்? எனக்குத் தெரியும்தானே. தெரியாத ஆளிட்டைப் போய்ச் சொல்லு" என்று கையை இழுத்துக்கொண்டாய். அடுத்த கிழமை நீ இல்லை.

இன்று உண்மை தெரியாத அந்த ஆள், அதே பொறுப்பாளர், கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். நான் துத்தநாகத்தை அமிலத்தில் போட்டேன். குடுவையில் குமிழிகள் வரத் தொடங்கின. முன் மேசையில் ஓர் இளம் ஆசிரியை, "சோதனை செய்துவிட்டீர்களா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். 'ஓம்' என்று சொல்ல வாய் திறந்தேன், எடி. மெய்யாகவே திறந்தேன். இத்தனைக்குப் பிறகும் அந்தப் பொய் தயாராக நின்றது. அதுதான் என்னை இன்று மிகவும் பயப்படுத்தியது.

"இல்லை. எனக்கு இந்தச் சத்தம் பயம்" என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. செல்லைச் சொன்னேன், மேசைக்குக் கீழே குந்தியதைச் சொன்னேன், அறிக்கையில் இருப்பது உன் பிழை அல்ல என்று பொறுப்பாளரின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தார். பிறகு, "திங்கட்கிழமை பத்து மணிக்கு என்னிடம் வாருங்கள்" என்றார். அந்த டெர்மின், அந்தச் சந்திப்பு, என்னவாக முடியுமோ தெரியாது. பள்ளிக்கும் எழுதுவார்களோ, இனிமேல் இந்த அறைக்குள் விடுவார்களோ, அதுவும் தெரியாது.

வெளியே போகச் சொல்லவில்லை என்பதால் குழாயை எடுத்தேன். சுடருக்கு ஒரு முழம் தள்ளியே நின்றேன். அந்த ஆசிரியை பன்சன் சுடரடுப்பை மட்டும் எனக்குக் கிட்டே நகர்த்தி வைத்தாள். முதலாவது கூவியது. மேசையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவதும் கூவியது. கண்ணை மூடாதே, மூடாதே என்று உன் கண்ணாடிக்குள் எனக்கே சொல்லிக்கொண்டு மூன்றாவதைக் கொண்டுபோனேன்.

பொப்.

பயம் போய்விட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். திங்கட்கிழமை அவரிடம் என்ன சொல்வது என்றும் இன்னும் தெரியவில்லை. ஆனால் அந்த நேரத்தில், குழாய் கையில் இருக்க, நீ வழக்கமாக நிற்கும் இடப்பக்கம் திரும்பி, அத்தனை ஜேர்மன்காரருக்கும் முன்னால் தமிழில் சொல்லிவிட்டேன்.

"செய்தனான்."