ஹோஸ் எட்டிய தூரம்

என் செல்ல அக்காவுக்கு,

உன் பதினாறாம் நாள் அடியந்திரம் நேற்று முடிந்தது. உனக்குப் பிடித்த கறியை உன் படத்துக்கு முன்னால் படைப்பது எவ்வளவு கொடுமை தெரியுமா? வழுதலங்காய்த் தீயல் வைத்தோம், கடைக் கத்தரிக்காயில் அல்ல. அந்தக் காய் எங்கிருந்து வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உன்னை எடுத்துக்கொண்டு போன அன்றே அத்தான் மொட்டைமாடிக் கதவைப் பூட்டிவிட்டார். "அவ தொட்டத யாரும் தொடண்டாம்" என்றார். நாகர்கோவிலில் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும் தெருவில், பழைய பெயிண்ட் வாளிகளில் நீ வளர்த்த தோட்டம். நீ இருந்தவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷன், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தார். அழுகிறவரிடம் எப்படி வாதாடுவது? நான் வாயை மூடிக்கொண்டேன். என்னாலும் அது முடிகிறது, பார்த்தாயா?

செடிகள் வாட வாட, கீழே உன் அறைக்குள் சூடு இறங்கியது. ஃபேன் போட்டால் அனல்தான் கொட்டியது. மாடியில் செடி இருந்தால் வீடு குளிரும் என்று நீ சொன்னபோதெல்லாம், பீற்றுகிறாய் என்றுதான் நினைத்தேன்.

படையலுக்கு ஒரு காயாவது கிடைக்காதா என்று நேற்றுக் காலை அத்தானே பூட்டைத் திறந்தார். கதவுப் பக்கம் முழுக்கச் சருகு. பயறு, வெண்டை, நீ பொத்திப் பொத்தி வளர்த்த தக்காளி, எதுவும் மிச்சமில்லை. பக்கத்து வீட்டுச் சுவரோரம் மட்டும் பச்சை. அங்கே வழுதலை காய்த்துக் கிடந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் லில்லி அக்கா ஹோஸும் கையுமாக நின்றிருந்தாள்.

"அண்ணாச்சி பூட்டுனது கதவத்தானே. செடிக்குத் தாகம் எடுக்குமுல்லா? ஹோஸ் எட்டுன மட்டும் ஊத்துனேன். இந்தச் சுவரு வழியா எத்தன கீரை தந்திருக்கா அவ" என்றாள்.

அத்தான் சருகுகளுக்கு நடுவே உட்கார்ந்து, "மிச்சத்த நானே கொன்னுட்டேனே" என்று அழுதார். நீ இருந்தால், "மண்ணு இருக்குல்லா, எழும்பித் தண்ணி கோருங்க" என்று விரட்டியிருப்பாய். எனக்கு அது வரவில்லை. நானும் கூட உட்கார்ந்து அழுதேன்.

இன்று காலை மாடிக் கதவு திறந்தே கிடந்தது. அத்தான் நாலைந்து காய்களைப் பறித்து, சுவர் வழியாக லில்லி அக்காவிடம் நீட்டினார். செடியின் அடியில் காய்த்த ஒன்றை மட்டும் என்னைத் தொட விடவில்லை.

"அது வித்துக்கு. மூட்டுல காய்க்கதத்தான் அவ பறிக்காம விடுவா" என்றார்.

எட்டிப் பார்க்காத மனுஷன் என்றேனே. இவ்வளவு நாளும் உன்னைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார் அக்கா. உன்னிடம் ஒருநாளும் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டாரே.

இனி ஞாயிறுதோறும் தக்கலையிலிருந்து பஸ் ஏறி வருவேன். காய்ந்துபோன வாளிகளில் அந்த வித்தை அத்தானோடு சேர்ந்து நடுவேன். காய்த்தால், முதல் காய் உன் பேரைச் சொல்லிச் சுவர் தாண்டிப் போகும்.

உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வளர்ந்த
உன் தங்கச்சி